கூர் குறையாமல் திரும்பி வந்த ரம்பம்

எங்கள் அந்தமானில், கராச்சர்மா என்ற ஊரில் இளைஞர்களுக்குச் சுயதொழில் பயிற்சி என்று ஒரு வகுப்பு நடக்கிறது. போன மாதம் என்னையும் அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த துணியில் 'உங்களுக்கு நீங்களே முதலாளி' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. என் முறை வந்தபோது ஒரு பெண் எழுந்து, "கவர்மெண்ட் வேலைய விட்டுட்டு சொந்தமா தொழில் பண்ணீங்களாமே ஐயா, மேல யாருமே இல்லாம வேலை பார்த்தது எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நான் உழைப்பு, நேர்மை, பொறுமை என்று எல்லாரும் சொல்கிற நாலு வார்த்தையைச் சொன்னேன். கை தட்டினார்கள். சமோசாவும் டீயும் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போதுதான் எரிச்சலாக வந்தது, என் மேல்தான். அந்தப் பெண் கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

முதலில், அந்தத் துணியில் எழுதியிருந்தது சுத்தப் பொய். ஜங்லிகாட் என்ற பேட்டையில் ரம்பத்துக்கும் கோடாலிக்கும் கூர்போட்டு என் ஆயுளில் பாதிக்குமேல் பிழைத்தவன் நான். அத்தனை வருஷத்தில் அந்த முதலாளியை ஒருநாள்கூடக் கண்ணால் கண்டதில்லை.

நான் தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். எங்கள் ஆட்கள் இந்தத் தீவுக்கு வந்தது மீன் பிடிக்க. எனக்கோ கடலில் இறங்கினால் வாந்தி. கப்பலில் வந்த வழியெல்லாம் கிழிந்த துணி மாதிரி கிடந்தேன், இறங்கிய பிறகு இனி என்னை எவனாவது தோணியில் ஏற்றினால் பார்க்கலாம் என்று சபதம் எடுத்தேன். கடற்கரையில் பிறந்தவனுக்கு இது பெரிய அவமானம். பின்னாளில் எனக்கு மாமனாரான மனிதர்தான் இரக்கப்பட்டு, தமக்குத் தெரிந்தவரிடம் சொல்லி, சாத்தத்தில் இருந்த அரசு மரமில்லில் என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டார். கட்டை உருட்டினேன், மரத்தூள் அள்ளினேன், எண்ணெய் ஊற்றினேன். ஒருநாள் கூர்போடும் அறையில் ஆள் குறைந்தது, என்னை உள்ளே தள்ளிவிட்டார்கள். அங்கே தலைமை ஆளாக இருந்தவர் யாகூப் மிஸ்திரி.

மிஸ்திரி இந்தத் தீவிலேயே பிறந்தவர். அவர் பேசியது தீவு இந்தி, அதுவும் கொஞ்சம்தான். வெளியே மரம் அறுபடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. எங்கள் அறையில் அரம் உராய்கிற சத்தம் மட்டும் இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டே யாருடைய கை தப்பாகப் போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். தலையைக்கூடத் திருப்பமாட்டார். "சவ்ரி, ஹாத்" என்பார். சவரிமுத்து, உன் கையைப் பார் என்று அர்த்தம். பார்த்தால் கை இறங்கித்தான் இருக்கும்.

வேலை இப்படி. ரம்பத்தை இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில், பல் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி இறுக்க வேண்டும். தட்டை அரத்தைப் பல்முனைகளின் மேல் நீளவாக்கில் ஓட்டி எல்லாப் பல்லையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பல் உயர்ந்து நின்றால் வேலை முழுக்க அதன் தலையில் விழும், மற்றதெல்லாம் சும்மா கூடப் போய்வரும். பிறகு மண்ணெண்ணெய் விளக்கின் புகையைப் பற்களில் படியவிட்டுக் கறுப்பாக்குவோம். அரம் பட்ட இடம் பளிச்சென்று தெரியும், படாத இடம் கறுப்பாகவே நிற்கும். இதில் யாரையும் ஏமாற்ற முடியாது. ஒன்றுவிட்டு ஒரு பல்லாக ஒரு பக்கமிருந்து அராவிவிட்டு, ரம்பத்தைத் திருப்பிப்போட்டு மீதியை அராவ வேண்டும். கடைசியில் பற்களை மாற்றி மாற்றி இடமும் வலமுமாக லேசாகச் சாய்க்க வேண்டும். இதற்கு 'செட்' என்று பெயர். செட் இருந்தால்தான் அறுபடுகிற வழி தகட்டைவிட அகலமாக இருக்கும், ரம்பம் மரத்துக்குள் மாட்டிக்கொள்ளாது.

இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கும் நீள ரம்பத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு. அதில் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு முகம். இந்தப் பக்கத்து ஆள் இழுக்கும்போது அவரைப் பார்த்திருக்கும் முகம் வெட்டும், அந்தப் பக்கத்து ஆள் இழுக்கும்போது மறுமுகம் வெட்டும். இரண்டு முகமும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். மிஸ்திரிக்கு அது வேதம்.

முடித்ததும் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்போம். வலது கட்டைவிரலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பற்களின் மேல் மெதுவாக நகர்த்துவார். அந்த விரலின் தோல் செருப்புத்தோல் மாதிரி ஆகியிருந்தது, ஆனால் அதற்குத் தெரியாத பள்ளம் மேடு கிடையாது. பிறகு விரல் முட்டியால் தகட்டை ஒரு தட்டுத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். எல்லாம் சரியென்றால் "சலேகா" என்பார். ஓடும், கொண்டுபோ என்று பொருள். சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் ரம்பத்தை நம் கையில் திரும்ப வைத்துவிடுவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும். அந்த ஒரு சலேகாவுக்காக நான் வியர்த்துக் கிடந்த நாட்கள் நிறைய. அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை அவரிடம் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார்.

பின்னே ஏன் வேலையை விட்டேன்? மில்லில் யாரும் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஒரே ஒரு குறைதான். நான் கூர்போட்ட ரம்பம் கதவைத் தாண்டிப் போனதும் எங்கே போகிறது, யார் கையில் போகிறது, என்ன அறுக்கிறது என்று எனக்குத் தெரியாது. மழுங்கித் திரும்பி வரும், மறுபடி கூர்போடுவேன். வருஷக்கணக்கில் ஒரே ஆளுக்குக் கடிதம் எழுதி, அந்த ஆளின் முகத்தை ஒருதரமும் பார்க்காத மாதிரி.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு வந்தால் வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது தீவெங்கும் காட்டை வெட்டி ஜனங்களைக் குடியேற்றிக்கொண்டிருந்த காலம். கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள், ராஞ்சிக்காரர்கள், மலையாளிகள், நம் ஆட்கள் என்று எல்லார் கையிலும் கோடாலி, வெட்டரிவாள், ரம்பம். எல்லாம் மழுங்கல். கருங்கல்லில் தேய்த்துத் தேய்த்து அவற்றைக் கெடுத்து வைத்திருந்தார்கள். கூர்போட்டுக் கொடுத்தால் வாழைத்தார் கொண்டுவருவார்கள், மீன் கொண்டுவருவார்கள், அதைவிட முக்கியமாக, போன தடவை கூர்போட்டது என்ன வெட்டியது என்று உட்கார்ந்து சொல்வார்கள். அந்தக் கதைதான் எனக்கு ருசித்தது.

ஒரு வருஷம் கோடை தொடங்கும்போது சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்தேன். மிஸ்திரிதான் ஆபீசில் பேசி வாங்கித் தந்தார். மழை பிடிப்பதற்குள் திரும்பி வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள். மாமனாருக்கு விஷயம் தெரிந்ததும் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். கவர்மெண்ட் வேலையைக் காலால் உதைத்தவன் என்று தெரிந்தவரிடமெல்லாம் சொன்னார். அவர் வாங்கிக் கொடுத்த வேலை, அவருக்கு வலிக்கத்தானே செய்யும். என் மனைவி ரோசம்மாள் மட்டும் தடுக்கவில்லை. "மழை வர்ற வரைக்கும் பாப்போம். அதுக்கப்புறம் நான் பேசுவேன், நீங்க கேக்கணும்," என்றாள்.

ஜங்லிகாட்டில் எங்கள் வீட்டை ஒட்டியே ஒரு தகரத்தைச் சாய்த்துக் கடை போட்டேன். மரச்சட்டம், அரம் நாலு, விளக்கு, ஒரு பெஞ்சு. முதல் நாள் காலையில் உட்கார்ந்ததும்தான் ஒரு விஷயம் தெரிந்தது. மில்லில் சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் சாப்பாடு, சங்கு ஊதினால் வீடு. இங்கே ஊத ஆளில்லை. காற்று வாகாக இருந்தால் மில் சங்கு ஜங்லிகாட்டுக்கே கேட்கும். நான் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சட்டியில் சோறு ஆறிக்கொண்டிருக்கும், நான் சங்குக்காகக் காத்திருப்பேன். ரோசம்மாளுக்குச் சிரிப்புத் தாங்காது. "மில்லுச் சங்கு ஊதுனாத்தான் ஒங்க வயித்துக்குப் பசிக்குமா? லீவு போட்டது ஆபீஸ்ல மட்டுந்தானா?" என்பாள்.

அதைவிட மோசம், ஒரு ரம்பத்தை முடித்ததும் என்னையறியாமல் எழுந்து நின்றுவிடுவேன், யாரிடமோ கொண்டுபோய்க் காட்டுவதற்கு. கட்டைவிரலை நானே ஓட்டிப் பார்ப்பேன், தட்டிக் கேட்பேன். சலேகா என்று எனக்கு நானே எப்படிச் சொல்லிக்கொள்வது?

அப்படி இருக்கும்போதுதான் நிதாய் மண்டல் வந்தான். கடலுக்கு அக்கரையில், பாம்பூஃப்ளாட்டுக்கு அப்பால், உள்ளே தள்ளி, அவனுக்கு நிலம் கொடுத்திருந்தார்கள். கையில் இரண்டாள் இழுக்கிற ரம்பம். வீடு கட்ட மரம் அறுக்க வேண்டும், மழைக்கு முன்னால் தூண்கால் நட்டுக் கூரை ஏற்றியாக வேண்டும் என்றான். போன மழையில் ஓலைக் குடிசை அப்படியே உட்கார்ந்துவிட்டதாம், விடியும்வரை அவனும் மனைவியும் ஒரு தகரத்துண்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். இன்னொரு மழையைக் குடிசையில் பார்க்கமாட்டேன், அதற்குள் வீடு எழும்பாவிட்டால் திரும்பிக் கப்பலேறி விடுவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் கண் சிரிக்கவில்லை.

மிஸ்திரி சொல்லிக்கொடுத்தபடி ஒரு குறையுமில்லாமல் கூர்போட்டுக் கொடுத்தேன். சில நாளில் திரும்பி வந்தான். அறுக்கவில்லை என்றான். விரல் வைத்துப் பார்த்தேன். கூர் அப்படியே இருந்தது. கூர்போடுகிறவனுக்கு இதைவிடக் கேவலம் வேறில்லை. மழுங்கி வந்தால் வேலை செய்தது என்று அர்த்தம், கூர் குறையாமல் வந்தால் அதை யாரும் இழுக்க முடியவில்லை என்று அர்த்தம்.

யோசித்தபோது ஒரு தப்பு பிடிபட்டது. மில்லுக்கு வரும் கட்டைகள் கடலில் மிதந்து வருபவை. மாதக்கணக்கில் உப்புத்தண்ணீரில் ஊறி, நார் நாராகப் புடைத்திருக்கும். அதற்காக நாங்கள் செட்டை அகலமாக வைப்போம். நிதாய் அறுப்பது மலைச்சரிவில் வெட்டிக் காயப்போட்ட மரம். அதற்கு அவ்வளவு அகலம் வேண்டாம், வீணாக இழுவைதான் கூடும். கடலே பார்க்காத மரத்துக்குக் கடல்கட்டைக்கு வைக்கிற செட்! மில்லில் வேலை பார்த்தவனைத் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். செட்டைக் குறைத்துக் கொடுத்தேன். நிதாய் நம்பிக்கையோடு போனான்.

மறுபடியும் வந்தான். மறுபடியும் கூர் அப்படியே.

இந்த முறை அவன் ரம்பத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றான். யார் மறுமுனையில் இழுப்பது என்று கேட்டேன். தம்பி என்றான். தம்பி பலசாலியா என்றேன். ஆமாம் என்றான். மேகம் தெற்கே திரளத் தொடங்கியிருந்தது. கடைக்கு வந்த ஒருவர், பாம்பூஃப்ளாட் பக்கம் என் பெயர் நன்றாக இல்லை என்று காதில் போட்டார். மில்லில் என் வேலை கெட்டுப்போனால் மிஸ்திரி திருப்பிக் கொடுப்பார், அறைக்குள்ளேயே விஷயம் முடிந்துவிடும். இங்கே கெட்டுப்போனால் ஒருவன் வீடு எழும்பாது.

அடுத்த நாள் கடையை மூடிவிட்டுச் சாத்தம் போய் ஃபெர்ரியில் ஏறினேன். ஆமாம், வாந்திதான். அக்கரையில் லாரி பிடித்து, அதன்பிறகு நடந்து, நிதாயின் இடத்தைக் கண்டுபிடித்தேன். சரிவில் நீளமாக ஒரு கட்டை கிடந்தது. அதன் ஒரு பக்கம் நிதாய், மறுபக்கம் ரம்பத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். என்னைப் பார்த்ததும் நிதாய் கைப்பிடியை விட்டுவிட்டான். தம்பி நடு அந்தமானுக்குக் காட்டு வேலைக்குப் போய்ப் பல மாதம் ஆயிற்றாம். பெண்டாட்டியை ரம்பம் இழுக்க விட்டிருக்கிறேன் என்று வெளியே சொல்ல அவனுக்கு வெட்கம்.

அவள் பெயர் ஆரதி. அவளுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, கோபம்தான் இருந்தது. நான்தான் கூர்போட்டவன் என்று தெரிந்ததும் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. "ஏ ஆரி முஜே நஹி மான்தா," என்றாள். இந்த ரம்பம் என் பேச்சைக் கேட்கவில்லை என்றாள். அவன் இழுத்தால் போகிறது, நான் இழுத்தால் கல்லைக் கடித்த மாதிரி நின்றுவிடுகிறது, பிறகு அவன் தள்ளுகிறான், தள்ளினால் ரம்பம் வளைகிறது. ஒரு தூண்கால் அறுப்பதற்குள் எங்கள் இருவருக்கும் சண்டை வந்துவிடுகிறது என்றாள்.

இழுக்கச் சொல்லிப் பார்த்தேன். சரிவில் அவள் கீழ்ப்பக்கம் நின்றாள். உயரமும் குறைவு. அவள் இழுக்கும்போது ரம்பம் கீழ்நோக்கி மரத்துக்குள் கூடுதலாக அழுந்தியது, பற்கள் அவள் பலத்துக்கு மீறிக் கடித்தன. இடம் மாறி நில்லுங்கள் என்று சொல்லலாம்தான். ஆனால் அங்கே எங்கே நின்றாலும் சரிவு, எங்கே நின்றாலும் அவள் அவனைவிடக் குட்டை. நான் அவள் கைப்பிடியை வாங்கி, அவள் உயரம் வருவதற்காக மண்டிபோட்டு, நிதாயோடு சேர்ந்து இழுத்தேன். நாலு இழுப்பில் தோள் எரிந்தது. கூர்போடுகிறவன் மண்டிபோட்டு இழுத்து அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது, அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த மண்டியில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அத்தனை வருஷமும் நான் கட்டைக்குத்தான் கூர்போட்டிருக்கிறேன், கைக்குப் போட்டதில்லை.

ரம்பத்தைக் கையோடு ஜங்லிகாட்டுக்குக் கொண்டுவந்தேன். புகை படியவைத்துவிட்டு, அரத்தை எடுத்தேன். துணிந்துவிட்டேன். நிதாயைப் பார்த்திருக்கும் முகங்களை நிமிர்வாகவே விட்டேன். ஆரதியைப் பார்த்திருக்கும் முகங்களை மட்டும் பல் பல்லாகச் சாய்த்து அராவினேன். நிமிர்ந்த முகம் ஆழமாகக் கடிக்கும், சாய்ந்த முகம் மேலாக எடுக்கும். அவன் இழுக்கும்போது கூடுதலாக அறுபடும், அவள் இழுக்கும்போது குறைவாக அறுபடும், ஆனால் நிற்காது. அவளுடைய கைப்பிடியில் அடையாளத்துக்கு ஒரு சிவப்புத் துணி கட்டினேன்.

அந்தச் சமயம் பார்த்து மிஸ்திரி வந்தார். ஞாயிற்றுக்கிழமை, என் கடை எப்படியிருக்கிறது என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார். என் நல்ல காலம், சட்டத்தில் அந்த ரம்பமே இருந்தது. கட்டைவிரலை ஓட்டினார். பாதியில் நின்றார். குனிந்து பார்த்தார். ஒரு முகம் நிற்கிறது, ஒரு முகம் படுத்திருக்கிறது, இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். நீங்கள் இல்லை என்றேன். முனை மாற்றிப் பிடித்தால் இந்த ரம்பம் எதற்கு ஆகும் என்றார். மாற்றிப் பிடிக்கக் கூடாது, அதற்குத்தான் சிவப்புத் துணி என்றேன். அப்படியானால் வேறு யாருமே இதை இழுக்க முடியாதே என்றார். ஆமாம், இது அவர்கள் இரண்டு பேருடைய ரம்பம் என்றேன்.

அவர் தகட்டைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கலத் ஹை," என்றார். தப்பு. ரோசம்மாள் கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டு, லீவு முடிகிற அன்று காலையில் நானே வந்து உன்னைக் கூட்டிப்போகிறேன், உன் இடத்தை அதுவரை காலியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

நிதாய் வந்து ரம்பத்தை வாங்கிப்போனான். சிவப்புத் துணி அவள் பக்கம் என்று சொல்லியனுப்பினேன். அதன்பிறகு அவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. கூர் குறையாத ரம்பத்தோடு அவன் இனி என்னிடம் வரமாட்டான், வேறு வழி பார்த்திருப்பான், அல்லது அவள் கப்பலேறியிருப்பாள் என்று என்னென்னவோ நினைத்தேன். மேகம் நாளுக்கு நாள் கறுத்தது. கடைக்கு ஆள் வருவதும் குறைந்தது. மிஸ்திரிக்குத் தப்பாகத் தெரிந்தது எனக்குச் சரியாகத் தெரிய நான் யார் என்று தோன்ற ஆரம்பித்தது. லீவின் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் மில் உடுப்பைத் துவைத்துக் கொடியில் போட்டேன். ரோசம்மாள் அதைப் பார்த்தாள்.

"நான் பேசுவேன்னு சொன்னேன்ல. இப்பம் பேசுதேன், கேளுங்க," என்றாள். "மில்லுக்குப் போறதுன்னா போங்க, நான் தடுக்கல. ஆனா அந்த ரம்பம் என்னாச்சுன்னு தெரிஞ்சுக்காமப் போயிறாதீய. போனா, சாவுற வரைக்கும் எங்கிட்ட அதையே கேட்டுக்கிட்டு இருப்பீய."

காலையில் மிஸ்திரி வந்துவிட்டார். சொன்ன சொல் தவறாத மனிதர். நான் உடுப்புப் போட்டுக்கொண்டு கடையில் நின்றேன். அரங்களைத் துணியில் சுற்றினேன், பிரித்தேன், மறுபடி சுற்றினேன். கிளம்பு என்று அவர் சொல்லவும் இல்லை, பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவரோடு போகவும் மனமில்லை, போகமாட்டேன் என்று சொல்ல என் கையில் ஒரு நியாயமும் இல்லை. ஒரு நியாயம் இருந்தால் போதும் என்றிருந்தது.

தெரு முனையில் ஒரு பெண் வந்தாள். தோளில், சாக்குச் சுற்றிய நீளமான தகடு, நடைக்கு நடை மேலும் கீழும் ஆடியது. ஆரதி. தனியாக முதல் ஃபெர்ரி பிடித்து வந்திருக்கிறாள். ரம்பத்தைப் பெஞ்சில் இறக்கி வைத்துச் சாக்கைப் பிரித்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மிஸ்திரியின் கை ரம்பத்துக்குப் போய்விட்டது. பழக்கம், அதை ஒன்றும் செய்ய முடியாது.

கட்டைவிரலை ஒரு முனையிலிருந்து ஓட்டினார். வழக்கத்தைவிட வேகமாக ஓடியது விரல், எங்கேயும் தட்டவில்லை, எங்கேயும் பிடிக்கவில்லை. ரம்பம் மழுங்கிப் போயிருந்தது. முழுக்க, பல் விடாமல், அறுத்து அறுத்து மழுங்கியிருந்தது. நிதாயைப் பார்த்திருந்த முகங்கள் தேய்ந்திருந்தன. மிஸ்திரி ரம்பத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்து மறுமுகங்களைப் பார்த்தார். அவையும் தேய்ந்திருந்தன. அவளைப் பார்த்திருந்த முகங்கள், ஒன்றுகூட மிச்சமில்லாமல்.

உன் கைப்பிடி எது என்று அவளிடம் கேட்டார். அவள் சிவப்புத் துணியைத் தொட்டுக் காட்டினாள். அழுக்கேறிக் கறுத்திருந்தது அது. கால் எல்லாம் நட்டாயிற்று, கூரையும் ஏறிவிட்டது, இனி கதவுக்கு மட்டும்தான் மரம் அறுக்க வேண்டும், மழை எப்போது வேண்டுமானாலும் வரட்டும் என்றாள் அவள். முன்னே மாதிரியே போட்டுக்கொடு, மாற்றிவிடாதே என்று என்னைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னாள்.

மிஸ்திரி எழுந்தார். நானும் அவரோடு போகத்தான் எழுந்தேன். அவர் என் தோளில் கைவைத்து அழுத்தினார்.

"பைட்டோ. காம் ஆயா ஹை," என்றார். உட்கார், வேலை வந்திருக்கிறது.

அவ்வளவுதான் சொன்னார். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சாத்தம் பக்கம் தனியாக நடந்துபோனார். என் இடத்துக்கு வேறு ஆள் போட்டுக்கொள்ளலாம் என்று ஆபீசில் அவரே சொல்லிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

மேலே யாரும் இல்லாமல் எப்படி இருந்தது என்று கேட்டாயே மகளே, அன்றைக்கு அந்த ரம்பத்தைச் சட்டத்தில் இறுக்கியபோது எனக்கு முன்னால் பெஞ்சில் ஒருத்தி உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலுபல் தாண்டியதும் எழுந்து வந்து விரல் வைத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சாய்க்கணும் என்றாள். அவள் சொன்னது சரி. சாய்த்தேன். அவளுக்குப் பிறகு தச்சர்கள், தோணிக்காரர்கள், இடது கைக்காரர்கள், முதுகு வளைந்தவர்கள் என்று எத்தனையோ பேர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கூர்போடுவதற்கு முன்னால் எல்லாரையும் ஒருதரம் இழுத்துக் காட்டச் சொல்வேன். ஒரு வருஷம் கழித்து மாமனாரும் மீன் வெட்டுகிற கத்தியோடு வந்து உட்கார்ந்தார். அவரையும் வெட்டிக் காட்டச் சொன்னேன், முறைத்துக்கொண்டே காட்டினார்.

அன்று ஆரதி போன பிறகு அரத்தைக் கீழே வைத்தபோது பார்த்தால், ரோசம்மாள் சோற்றுத் தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"சங்கு ஊதி எவ்வளவு நேரமாச்சு, சாப்புட வரலியே?" என்றாள்.

சங்கு எனக்குக் கேட்கவே இல்லை.